சமைக்காத உணவுக்குப் படிப்படியாக மாறுவது எப்படி: ஒரு பினாங்குச் சமையலறையிலிருந்து

சமைக்காத உணவுக்கு மாறத் துணிகிறவர்களில் பலர் ஒரு திங்கட்கிழமையன்று அடுப்பை அணைக்கிறார்கள். மூன்றாவது வாரம் தலைசுற்றலோடு, சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடை வரிசையில் நிற்கிறார்கள். நானும் ஆயர் ஈத்தாமில் அப்படி ஒரு வரிசையில் நின்றவன்தான். மன உறுதி போதவில்லை என்று வீட்டில் சொன்னார்கள்; நானும் அதை நம்பினேன். சில மாதங்கள் கழித்து, அந்த நாள்களில் நான் சாப்பிட்டதை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தபோதுதான், ஒரு நாளுக்கு 1,100 கலோரியைக்கூட நான் தொடவில்லை என்பது தெரிந்தது. அரைப் பட்டினியில் வண்டி ஓட்டி, அலுவலகம் போய், இரவில் கோபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டாம் முறை முழு நாளையும் ஒரேயடியாக மாற்றாமல், ஒவ்வொரு வேளையாக மாற்றினேன். முதலில் காலை, பிறகு மதியத்தின் பாதி, கடைசியில் சில இரவுகள். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை

சமைக்காத உணவு என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே வரையறை இல்லை. தீவிரமாகப் பின்பற்றுகிறவர்கள், ஏறத்தாழ 40 முதல் 48 பாகை செல்சியசுக்கு மேல் சூடு படாத பழம், காய், கீரை, பருப்பு, விதை, முளைகட்டிய தானியம் ஆகியவற்றை மட்டுமே உண்கிறார்கள். பச்சைப் பால், பச்சை முட்டை, பச்சை மீன் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. நம் ஊர் வெயிலில் அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், இந்தக் கட்டுரையிலும் அவற்றுக்கு இடமில்லை. நடைமுறையில் பெரும்பாலோர் ஒரு நாள் உணவில் பாதிக்கும் முக்கால் பங்குக்கும் இடையே சமைக்காததாக வைத்துக்கொண்டு, மீதியைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அந்த அளவே போதுமானது, நீடிக்கக்கூடியதும் அதுவே என்பது என் கருத்து.

இந்த உணவு முறையைப் பற்றிச் சொல்லப்படும் சில காரணங்கள் சரியானவை, சில சரியல்ல. கீரையையும் காயையும் நீரில் வேகவைக்கும்போது வைட்டமின் சி, ஃபோலேட் போன்றவை வெப்பத்தாலும் வடிக்கும் நீரோடும் கணிசமாகப் போய்விடுகின்றன. ஆகவே பச்சையாக உண்பதில் உண்மையான ஆதாயம் உண்டு. எண்ணெய், சர்க்கரை, கெட்டிப்பால் ஆகியவை தாமாகவே குறைந்துவிடுவதும் ஆதாயமே. ஆனால், பச்சைக் காயில் உள்ள நொதிகள் நம் வயிற்றில் செரிமான வேலையைச் செய்கின்றன என்ற வாதம் நிற்காது. அவை புரதங்கள், இரைப்பை அமிலத்திலேயே பெரும்பாலும் சிதைந்துவிடும், செரிமானத்துக்கு வேண்டிய நொதிகளைக் கணையம் சுரந்துகொள்ளும். தக்காளியில் உள்ள லைகோபீனும் கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினும் சமைத்தால்தான் உடலுக்குக் கூடுதலாகக் கிடைக்கின்றன. தக்காளி ரசத்தை நான் கைவிடாததற்கு இதை ஒரு சாக்காகவும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முழுமையாக மாறியவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதற்கு ஜெர்மனியிலிருந்து நல்ல சான்று உண்டு. நெடுங்காலமாகச் சமைக்காத உணவை உண்டுவந்த 513 பேரை வைத்துச் செய்யப்பட்டு 1999இல் வெளியான ஆய்வில், ஆண்கள் சராசரியாக ஏறத்தாழ 10 கிலோவும் பெண்கள் 12 கிலோவும் எடை இழந்திருந்தனர். 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மாதவிடாய் ஓரளவோ முழுமையாகவோ நின்றுபோயிருந்தது. எடை குறைவதை மட்டும் பார்த்து மகிழ்கிறவர்கள் இரண்டாவது எண்ணையும் பார்க்க வேண்டும். உடல் தனக்கு வரும் ஆற்றல் போதவில்லை என்று சொல்லும் முறை அது.

யார் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது

கருவுற்றிருப்பவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், எடை குறைந்த முதியவர்கள் ஆகியோர் இந்த முறைக்கு முழுமையாக மாறக் கூடாது. நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்கிறவர்களுக்குப் பச்சைக் கீரையும் முளைப்பயறும் ஆபத்தாகலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் தேசிய நலக் கணக்கெடுப்புப்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். சோற்றையும் ரொட்டி சானாயையும் திடீரென விட்டுவிட்டு, மாத்திரையையோ இன்சுலினையோ பழைய அளவிலேயே எடுத்துக்கொண்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இதற்கு நேர்மாறாக, பழம் இயற்கையானதுதானே என்று வாழைப்பழத்தையும் டுரியானையும் அளவின்றிச் சாப்பிட்டுச் சர்க்கரையை ஏற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் பகுதியை இரு முறை படிக்க வேண்டும். வாழைப்பழம், இளநீர், வெண்ணெய்ப்பழம், கீரைச் சாறு ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி; சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இதயத் துடிப்பே தடுமாறும். சந்தையில் அழகாக அடுக்கிவைத்திருக்கும் நட்சத்திரப் பழம் அவர்களுக்கு நஞ்சுக்கு ஒப்பானது. ஒரு பழமே விடாத விக்கலையும் மனக்குழப்பத்தையும் வலிப்பையும் கொண்டுவந்ததுண்டு. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் உண்கிறவர்கள் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டினால், அதில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.

மற்றவர்களும் தொடங்குவதற்கு முன் ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பு, வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகிய நான்கையும் எழுதி வைத்துக்கொண்டு, ஆறு மாதங்களுக்குப் பிறகு ஒப்பிட வேண்டும்.

காலை: முதல் மூன்று வாரங்கள்

மாற்றத்தைக் காலையில் தொடங்குவதற்குக் காரணம் எளிமையானது. காலையில் பழம் சாப்பிடுவதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை, அம்மாவும் கவலைப்படுவதில்லை. மதியமும் இரவும் வழக்கமான சாப்பாடு தொடரட்டும். இந்த மூன்று வாரங்களில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வயிறு நிறைவதும் ஆற்றல் கிடைப்பதும் வேறு வேறு.

100 கிராம் வெள்ளரியில் ஏறத்தாழ 15 கலோரி, பப்பாளியில் 43, வாழைப்பழத்தில் 89, வெண்ணெய்ப்பழத்தில் 160, முற்றிய தேங்காய்ப் பருப்பில் 354, நிலக்கடலையில் 567. ஒரு தட்டுச் சோறு, அதாவது 200 கிராம், 260 கலோரி தருகிறது. அதை வெள்ளரியால் ஈடுகட்ட வேண்டுமானால் 1.7 கிலோ வெள்ளரியைக் கடித்துத் தீர்க்க வேண்டும். முதல் முறை நான் தோற்றதன் முழுக் கதையும் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடுகிறது. காலையில் ஒரு தட்டுப் பப்பாளி, மதியம் ஒரு கிண்ணம் வெள்ளரியும் கேரட்டும் என்று சாப்பிட்டுவிட்டு, வயிறு நிறைந்ததால் போதும் என்று எழுந்தேன்.

ஆகவே காலைத் தட்டில் நீர்ப்பழம் ஒன்று, மாவுப்பழம் ஒன்று, கொழுப்பு ஒன்று என மூன்றும் இருக்க வேண்டும். நான் வழக்கமாகச் சாப்பிடுவது 200 கிராம் பப்பாளி, நடுத்தரமான இரண்டு பிசாங் பெராங்கான் வாழைப்பழம், 40 கிராம் தேங்காய்ப் பருப்பு, இரவே ஊறவைத்த பதினைந்து பாதாம். இது ஏறத்தாழ 540 கலோரி. பதினொரு மணி வரை பசி எட்டிப் பார்க்காது. பப்பாளிக்குப் பதில் கொய்யா வைத்துக்கொண்டால் வைட்டமின் சி பல மடங்கு கூடும். ஆனால் கடையில் கொய்யாத் துண்டின் மேல் தூவித் தரும் ஆசாம் போய்ப் பொடி உப்பும் சர்க்கரையும்தான். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தேங்காயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தமிழில் இயற்கை உணவைப் பற்றிப் பேசுகிறவர்கள் தேங்காயும் வாழைப்பழமும் இருந்தால் வேறெதுவும் தேவையில்லை என்று சொல்வதுண்டு. 100 கிராம் தேங்காய்ப் பருப்பில் உள்ள ஏறத்தாழ 33 கிராம் கொழுப்பில் 30 கிராம் நிறைகொழுப்பு. கொலஸ்டிரால் மிகுந்தவர்கள் தேங்காயைக் குறைத்து, பாதாம், நிலக்கடலை, எள், வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்வது நல்லது.

இந்த வாரங்களில் சிலருக்குத் தலைவலி வரும். உடலில் உள்ள நச்சு வெளியேறுகிறது என்று பக்கத்தில் இருப்பவர் யாராவது சொல்வார். தே தாரிக் தேநீரையும் கோப்பியையும் ஒரே நாளில் நிறுத்தியதால் வந்த தலைவலியாகவே அது பெரும்பாலும் இருக்கும். நான்கு கோப்பை குடிக்கிறவர் வாரத்துக்கு ஒரு கோப்பை வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் அது வராது. வயிற்றுப் பொருமலும் இயல்பே. நார்ச்சத்தைக் குடல் பழகிக்கொள்ள இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும், தண்ணீரும் போதிய அளவு குடிக்க வேண்டும்.

மதியம்: ஊலாம் தட்டு

பினாங்கில் வாழ்கிறவர்களுக்குச் சமைக்காத உணவு வெளிநாட்டுச் சரக்கு அல்ல. கேல் கீரையும் புளூபெரியும் சியா விதையும் வாங்கிப் பணத்தைக் கரைக்கத் தேவையில்லை. பச்சை இலைகளையும் காய்களையும் சோற்றோடு உண்ணும் மலாய்க்காரர்களின் ஊலாம் மரபு நம் வாசலிலேயே இருக்கிறது: பெகாகா எனப்படும் வல்லாரை, ஊலாம் ராஜா, செலோம் இலை, காச்சாங் போத்தோல் எனப்படும் சிறகவரை, வெள்ளரி, பெத்தாய் கொட்டை. சீன-மலாய்க் கலப்பு மரபினரான பினாங்கு நோன்யாக்களின் நாசி ஊலாம், பல வகைப் பச்சை இலைகளை மயிரிழை போல நறுக்கிச் சோற்றில் கலக்கும் உணவு. நம் பக்கத்திலும் கோசுமரி, பச்சடி, பானகம் ஆகியவை இருக்கவே இருக்கின்றன. கோவில் திருவிழாவில் பிரசாதமாக மட்டும் நினைவுக்கு வரும் கோசுமரியை வாரத்தில் நான்கு நாள் மதிய உணவாக்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

நான்காவது வாரத்திலிருந்து மதியத் தட்டில் பாதியை மட்டும் சமைக்காத காய்கறிக்கு ஒதுக்குங்கள். சுகாதார அமைச்சு பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’, அதாவது கால் தட்டுச் சோறு, கால் தட்டுப் புரதம், அரைத் தட்டுக் காய்கறியும் பழமும் என்ற அளவு இதற்கு அப்படியே பொருந்தும். வெளியே சாப்பிடுகிறவர்கள் சோறும் பல வகைக் கறிகளும் விற்கும் மலாய் நாசி சம்பூர் கடைக்குப் போவதே வசதி. அங்கே ஊலாம் தனித் தட்டில் வைக்கப்பட்டிருக்கும். கூடவே இருக்கும் சம்பல் பெலாச்சான் துவையலில் இறால் உண்டு என்பதை மரக்கறி உண்கிறவர்கள் மறக்கக் கூடாது. ரோஜாக் என்னும் பழக்கலவையும் அப்படித்தான், பழமும் செங்குவாங் கிழங்கும் பச்சைதான் என்றாலும், மேலே ஊற்றும் கறுப்புக் குழம்பில் இறால் விழுதும் சர்க்கரையும் நிறைய இருக்கும்.

வீட்டில் நான் செய்யும் ஊலாம் கோசுமரிக்கு, அரைக் கோப்பைப் பாசிப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து நன்றாக வடித்துக்கொள்ள வேண்டும். ஒரு வெள்ளரி, ஒரு கேரட், கைப்பிடி வல்லாரை, கைப்பிடி ஊலாம் ராஜா, பூங்கா கந்தான் எனப்படும் இஞ்சி இனப் பூவின் மொட்டில் பாதி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, துருவிய தேங்காய் மூன்று மேசைக்கரண்டி, பச்சை மிளகாய் ஒன்று சேர்த்து, நான்கு லீமாவ் கஸ்தூரி என்னும் சிறு எலுமிச்சையைப் பிழிந்து கலக்க வேண்டும். உப்பைச் சாப்பிடும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் வெள்ளரி நீர் விட்டுப் பருப்பு ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடும். கடைசியில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுகிறேன். தூய்மைவாதிகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த ஒரு கரண்டி எண்ணெய்தான் என் வீட்டில் மற்றவர்களையும் இதைச் சாப்பிட வைத்தது.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இளஞ்சிவப்பு இமயமலை உப்பு இந்த உணவு முறையோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. கடல் மீனும் உண்ணாமல், அயோடின் கலந்த உப்பையும் விட்டுவிட்டால் தைராய்டுக்கு வேண்டிய அயோடின் எங்கிருந்தும் வராது.

புரதமே மதிய உணவின் கடினமான பகுதி. முளைப்பயறு இருக்கிறதே என்று எல்லாரும் சொல்வார்கள். காய்ந்த பாசிப்பயறு 100 கிராமில் 24 கிராம் புரதம் உண்டு. ஆனால் சந்தையில் விற்கும் தௌகே எனப்படும் பாசிப்பயற்று முளை பெரும்பகுதி தண்ணீர்தான், 100 கிராமில் 3 கிராம் புரதமே இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குக் குறைந்தது 48 கிராம் தேவை. தௌகேயை மட்டும் நம்பினால் 1.6 கிலோ சாப்பிட வேண்டும். இதனால்தான் சோயாவில் செய்த தௌபுவையும் தெம்பேயையும் பருப்பையும் தட்டின் சமைத்த பாதியில் விட்டுவைக்கச் சொல்கிறேன். அவை பச்சை உணவு அல்ல. இருந்தாலும் அவற்றை விட்டவர்கள்தான் முதலில் தளர்ந்துபோகிறார்கள்.

வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. ஜெர்மனியில் இதே உணவு முறையைப் பின்பற்றியவர்களைப் பற்றி 2005இல் வெளியான மற்றோர் ஆய்வில் 38 விழுக்காட்டினருக்கு இந்தக் குறைபாடு இருந்தது. கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான சேமிப்பு இருப்பதால் முதல் ஆண்டில் ஒன்றும் தெரியாது. பிறகு கை கால் மரத்துப்போவதில் தொடங்கி நரம்புச் சேதம் வரை போகும். நீரிழிவு மருந்தான மெட்ஃபோர்மின் உண்கிறவர்களுக்கு இந்தக் குறைபாடு ஏற்கெனவே இருக்க வாய்ப்பு அதிகம். முட்டையும் பாலும் விட்டவர்கள் பி12 மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

கழுவுவதும் முளைகட்டுவதும்

அடுப்பு நமக்காகச் செய்துவந்த ஒரு வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை: அது கிருமியைக் கொன்றது. இனி அந்த வேலையை நம் கைதான் செய்ய வேண்டும், கையால் அதை முழுமையாகச் செய்யவும் முடியாது.

சௌராஸ்தா சந்தையிலோ புலாவ் திக்குஸ் சந்தையிலோ கீரை வாங்கும்போது காலை எட்டு மணிக்கு முன் போங்கள். தரையில் கொட்டி வைத்த கட்டை விட்டுவிட்டு, மேசை மேல் இருப்பதை எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் வேரை வெட்டி, இலையை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓடும் குழாய் நீரில் இரு பக்கமும் விரலால் தேய்க்க வேண்டும். கட்டோடு தண்ணீரில் முக்கி எடுப்பது கழுவுவதாகாது. உப்பு நீரில் ஊறவைப்பது சிறு புழுக்களை வெளியே கொண்டுவர உதவும், ஆனால் கிருமிகளை அது நம்பத்தக்க அளவில் கொல்வதில்லை. கடைசி அலசலுக்கு வடிகட்டிய அல்லது கொதித்து ஆறிய நீரைப் பயன்படுத்துங்கள்.

இலையின் மடிப்பில் ஒட்டியிருக்கும் குட்டி நத்தையையும் ஓடில்லாத நத்தையையும் சாதாரணமாக எண்ணக் கூடாது. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு, நத்தை வழியாக மனிதனுக்கு வந்து மூளையுறை அழற்சியை உண்டாக்கும். தென்கிழக்கு ஆசியாவில் இது நன்கு அறியப்பட்ட நோய். கங்கோங் போன்று நீரில் வளரும் கீரைகளில் வேறு ஒட்டுண்ணிகளின் கூடுகட்டிய இளம்புழுக்கள் ஒட்டியிருக்கலாம் என்பதால், அவற்றைப் பச்சையாக உண்ணவே வேண்டாம்.

பப்பாளி, முலாம்பழம், தர்பூசணி ஆகியவற்றின் தோலை எறியத்தான் போகிறோம் என்றாலும், வெட்டுவதற்கு முன் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் தோலில் உள்ளது கத்தியோடு உள்ளே போகும். மீனும் கோழியும் வெட்டும் பலகையில் பழம் வெட்டக் கூடாது. வெட்டிய பழம் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பகல் வெப்பம் 32 பாகையைத் தாண்டும் நாள்களில் ஒரு மணி நேரமே வரம்பு. இரவுச் சந்தையில் விளக்கு வெளிச்சத்தில் மின்னும் பழப் பைகளைப் பார்க்கும்போது, அவை எப்போது வெட்டப்பட்டவை என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

முளைப்பயறு தனிக் கவனம் கேட்கிறது. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளைகளால் பரவிய ஈ.கோலை தொற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். விதையின் உள்ளேயே கிருமி இருந்தால் கழுவிப் பயனில்லை. முளைவிடத் தேவையான வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிக்கும் விருந்தாகும். வீட்டில் செய்கிறவர்கள் பாசிப்பயற்றை எட்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை முழுவதும் வடித்து, சுத்தமான துணியில் கட்டி, நான்கு ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை அலச வேண்டும். நம் வெப்பத்தில் ஒரே நாளில் முளை எட்டிப் பார்த்துவிடும். தமிழ்நாட்டுக் குறிப்புகளில் சொல்லும் இரண்டு மூன்று நாள் இங்கே தேவையில்லை. முளை அரை அங்குலம் வந்ததும் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். வழவழப்போ புளித்த வாடையோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுப்பதாக இருந்தால் ஆவியில் வேகவைத்தே கொடுக்க வேண்டும்.

நிலக்கடலையை மொத்தமாக வாங்கிச் சமையலறை அலமாரியில் வைப்பது இன்னொரு பிழை. நம் ஈரப்பதத்தில் அதில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். அது உண்டாக்கும் அஃப்லாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுமையாகப் போகாது. சிறிது சிறிதாக வாங்கி, சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியைக் குளிர்பெட்டியில் வையுங்கள். பச்சை முந்திரி என்று கடையில் விற்பது உண்மையில் பச்சை அல்ல. தோலில் உள்ள அரிக்கும் எண்ணெயை நீக்க ஆவியிலோ சூட்டிலோ பதப்படுத்தியே உடைக்கிறார்கள்.

பச்சையாக உண்ணக் கூடாதவை

இயற்கையாக விளைந்தது எதுவும் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கை இந்த உணவு முறையில் மிகுந்த ஆபத்தானது. நம் ஊரிலேயே அதற்கு ஒரு கொடுமையான சான்று இருக்கிறது. சேக்கூர் மானிஸ் அல்லது சாயூர் மானிஸ் என்று இங்கே விற்கும் கீரையை, தமிழில் தவசிக்கீரை என்பதை, நாம் முட்டையோடு வதக்கிச் சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆவதில்லை. 1990களின் நடுவில் தைவானில் அதே கீரையை எடை குறைக்கும் சாறு என்று பச்சையாக அரைத்து வாரக்கணக்கில் குடித்தார்கள். பலருக்கு நுரையீரலின் நுண்காற்றுக்குழாய்கள் மீளாத வகையில் அடைபட்டன. சிலர் இறந்தனர், சிலருக்கு நுரையீரல் மாற்ற வேண்டியதாயிற்று. எந்தக் கீரையையும் சாறாக்கிக் கோப்பை கோப்பையாகக் குடிப்பதற்கு முன், நம் பாட்டிமார் அதைப் பச்சையாகச் சாப்பிட்டார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மரவள்ளிக்கிழங்கும் அதன் கொழுந்தும் மூங்கில் குருத்தும் பச்சையாக இருக்கும்போது சயனைடை வெளிவிடும். நன்றாக வேகவைத்த பிறகே உண்ண வேண்டும். சேப்பங்கிழங்கிலும் அதன் இலையிலும் உள்ள ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் தொண்டையை வீங்கச் செய்யும். சிவப்புக் கிட்னி பீன்சில் உள்ள நச்சுப் புரதம் நான்கைந்து பச்சை விதைகளிலேயே கடும் வாந்தியை வரவழைக்கும். அதை முளைகட்டினாலும் நச்சு முழுமையாகப் போகாது. ஊறவைத்து, நீரை மாற்றி, கொதிக்கக் கொதிக்க வேகவைப்பதே வழி. ஆகவே முளைகட்டும் ஆசையைப் பாசிப்பயற்றோடும் வெந்தயத்தோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். பெத்தாயைப் பச்சையாக உண்ணலாம். அதைப் போலவே நாறும் ஜெரிங் கொட்டையை உண்ணக் கூடாது, அதன் அமிலம் சிறுநீர்ப் பாதையில் படிகமாகி, தாங்க முடியாத வலியோடு சிறுநீரையே தடுத்துவிடும். செங்குவாங்கின் கிழங்கு இனிப்பானது, அதன் விதை நஞ்சு.

இரவும், எங்கே நிறுத்துவது என்பதும்

எட்டாவது வாரத்துக்குப் பிறகு, விரும்பினால் வாரத்தில் மூன்று இரவுகளைச் சமைக்காததாக மாற்றலாம். இரவில் பெரிய கிண்ணம் பச்சைக்காய் சிலருக்கு வயிற்றை ஊதச் செய்து தூக்கத்தைக் கெடுக்கும். வெண்ணெய்ப்பழம், வாழைப்பழம், ஊறவைத்த நிலக்கடலை போன்ற மென்மையான உணவாக இருந்தால் அந்தத் தொல்லை குறைவு. நாள் முழுக்கப் பழம் கொறிப்பதால் பல்லின் எனாமல் அரிக்கும் என்பதையும் கவனத்தில் வையுங்கள். பழத்தை வேளையோடு சாப்பிட்டு, வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்தே பல் துலக்க வேண்டும்.

டுரியான் பருவத்தில் பாலிக் பூலாவ் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: டுரியான் சமைக்காத உணவுதான், ஆனால் 100 கிராமில் ஏறத்தாழ 147 கலோரி இருப்பதால் அதை ஒரு வேளை உணவாகவே கணக்கில் வைக்க வேண்டும், சாப்பாட்டுக்குப் பின் வரும் பழமாக அல்ல.

விருந்துகளில் பிடிவாதம் வேண்டாம். தீபாவளித் திறந்த இல்ல விருந்திலும் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலிலும் கொடுப்பதை வாங்கிச் சாப்பிடுங்கள். மறுநாள் காலை வழக்கத்துக்குத் திரும்பினால் போதும். ‘ஒரு வாய்ச் சோறாவது சாப்பிடுய்யா’ என்று அம்மா தட்டை நீட்டும்போது, கலோரி அட்டவணையை விளக்கி வென்றவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நான் இன்று காலை முழுவதையும், மதியத்தில் பாதியையும், வாரத்தில் இரண்டு இரவையும் சமைக்காததாக வைத்திருக்கிறேன். அதற்கு மேல் போக இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் எடை வேண்டாத அளவுக்கு இறங்கியது.

வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலையில் எடை பார்த்து எழுதுங்கள். எடை குறைக்கும் நோக்கம் இல்லாதவருக்கு இரண்டு மாதத்தில் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தாலோ, மாதவிடாய் தள்ளிப்போனாலோ, முடி கொத்தாக உதிர்ந்தாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலோ, இன்னும் சில நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. முதலில் இரவு உணவைச் சமைத்ததாக மாற்றி, அதில் பருப்பையும் சோற்றையும் திரும்பக் கொண்டுவாருங்கள். இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் போய், முன்பு எழுதி வைத்த அந்த நான்கு எண்களையும் காட்டி மீண்டும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். காலைப் பழத்தட்டை மட்டும் நிறுத்த வேண்டியதில்லை.